புறவில் நின்றவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவின் அக்கா, அத்தையும் நன்றாக இருக்கிறாள், முன்பைவிட நன்றாகவே இருக்கிறாள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் நலத்தைக் கேட்டு எழுத வேண்டியதில்லை, போன வாரம் நீ அனுப்பிய படமே சொல்லிவிட்டது, கழுத்தெலும்பு இரண்டும் துணி மாட்டுகிற கொக்கி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. அகராதி அலுவலகத்தில் சொற்களைத் தேடுகிறவர்கள் மத்தியானம் சாப்பிடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இருக்காது, நேரத்துக்குச் சாப்பிடு. நான் இதை ஆஸ்பத்திரித் தையல் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் சலவை இயந்திரம் ஓடுகிற ஓட்டத்தில் மேஜை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு அழாதே. வீட்டில் எழுத முடியாது, ஃபோனிலும் பேச முடியாது, அத்தை இப்போதெல்லாம் நான் இருக்கிற அறையிலேயே இருக்கிறாள். இன்னொன்று, நேரில் நான் வாங்க அண்ணி போங்க அண்ணிதான், கடிதத்தில் அவள் இவள் என்று எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியதற்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி.

நீ கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நம் ஊருக்குப் பின்னால் இருக்கிற உயரமான திறந்த வெளியை ஊரில் புறவு என்று சொல்கிறார்களே, அதற்குப் பொருளும் வழக்கும் எழுதி அனுப்பு, அகராதி அட்டையில் போட ஒரு வரி இருந்தால் போதும் என்றாய். ஒரு வரியில் அடங்குகிற விஷயமாக இருந்தால் நான் அன்றைக்கே ஃபோனில் சொல்லியிருப்பேன். அன்று நான் பேச்சை மாற்றி உன் பல்வலியைப் பற்றிக் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சொல் காதில் விழுந்ததும் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள், சிரித்த முகமாகத்தான் பார்த்தாள்.

வழக்கு என்றால் உனக்கே பாதி தெரிந்திருக்கும். ஒரு பேச்சும் காதில் ஏறாமல் யாராவது நின்றால் புறவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்போம். காது மடலைக் கடிக்கிற காய்ந்த காற்று அடித்தால் புறவுக்காற்று. மேலே பனி இறங்கி மேடு கண்ணுக்குத் தெரியாமல் போனால் புறவு வெளுத்துவிட்டது என்போம், உடனே துணியை எடுக்க ஓடுவோம். வீட்டில் ஆள் இல்லாமல் சத்தம் அடங்கிப்போனால் வீடே புறவாகக் கிடக்கிறது என்போம், நீ விமானம் ஏறின வாரம் நான் தையல் அறையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா, அங்கே நிற்கிற யாரும் நான் புறவில் இருக்கிறேன் என்று சொல்வதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வேலைக்குப் போகிறவன்கூட ஃபோனில் மேல இருக்கேன் என்றுதான் சொல்கிறான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒரு தடவை உன் அப்பாவோடு அங்கே போய்விட்டு வந்து, புறவுலேர்ந்து வந்தோம் என்று வெகுளியாகச் சொன்னேன், வீட்டில் இருந்தவர்கள் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி தட்டைப் பார்த்தார்கள். அசலூர்ப் பெண்ணுக்குப் பேசத் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை, இரண்டு மாதம் முன்பு வரை.

இரண்டு மாதம் முன்பு நில அளவை அலுவலகத்திலிருந்து புது சர்வேயர் வீட்டுக்கு வந்தார். மேலே காற்றாலை வரப்போகிறதாம், அதற்காக நிலத்தை வகை பிரித்து எல்லை போட வேண்டுமாம். உன் அத்தை அந்த அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவள், அங்கே இப்போது தொங்குகிற பெரிய வரைபடமே அவள் கைவேலை. அதில் ஊர், தெரு, ஓடை, தொட்டி எல்லாவற்றையும் சுற்றிக் கோடு இருக்கிறது, மேல் பக்கத்தில் மட்டும் பு, ற, வு என்று மூன்று எழுத்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சுற்றிலும் கோடே இல்லாமல். சர்வேயர் அந்தப் படத்தின் நகலை விரித்துவைத்து, "எழுத்து இருக்கு, எல்லை இல்லியேம்மா. எங்கேருந்து எதுவரைக்கும் புறவு? நீங்கதான வரைஞ்சீங்க" என்று கேட்டார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வேலையில் யாரும் குறை கண்டுபிடித்ததில்லை, குறை கண்டுபிடிக்கிற வேலையே அவளுடையதாயிற்றே. பழைய படத்தில் அப்படி இருந்தது, அப்படியே எடுத்து எழுதினேன் என்று சொன்னாள், சொல்லிவிட்டு, பத்து நாள் கொடுங்க, நான் குறிப்பு எழுதித் தர்றேன் என்றாள்.

முதலில் அகராதியைப் பார்த்தாள். ஒன்றில் காடு என்று போட்டிருந்தது, ஒன்றில் மேய்ச்சல் நிலம் என்றும், கூடவே புறா என்றும். நம் ஊர்ப் புறவில் மரமும் கிடையாது புறாவும் கிடையாது, புல்லும் கல்லும்தான். எப்பவோ காடா இருந்திருக்கும், மரத்தை வெட்டினவங்க சொல்லை வெட்ட மறந்துட்டாங்க என்றாள் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது, நான் மடித்ததையெல்லாம் வழக்கம்போலப் பிரித்துத் திரும்ப மடித்தபடி, நாளைக்கு உனக்கு லீவுதான என்று கேட்டாள். கூட வருகிறாயா என்று கேட்க அவளுக்கு வாய் வராது, இதுதான் அவள் அழைப்பு. வலது முழங்கால் வலி வேறு, தனியாக விட எனக்கும் மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டியும் பழமும் ஒரு பிளாஸ்க் நிறைய டீயும் எடுத்துக்கொண்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறினோம். எல்லை குறிக்க, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் ஒரு கட்டு அவள் பையில். போட்டிருந்தது நான் தைத்துக்கொடுத்த கடுகு நிறக் கோட்டு, உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கம்பளியைச் சாயம் போட்டுத் தைத்தது, அந்த நிறத்தில் இன்னொன்று இந்த ஊரில் இருக்க முடியாது. எல்லை எங்கே தொடங்குகிறது என்று எதிரில் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வது அவள் திட்டம். பஸ் நிலையத்து டீக்கடைக்காரர், "புறவா? தொட்டியத் தாண்டணும்" என்றார். தொட்டி காவலாளி, "இது தொட்டிங்க. புறவு அந்த ஏத்தத்துக்கு அப்பால" என்றார். அந்த ஏற்றத்தை ஏறி இறங்கினால் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள், "இது புல்லு வெட்டுற இடம்க்கா, புறவு இன்னும் மேல இருக்கு" என்றாள். ஒவ்வொரு இடத்திலும் அத்தை ஒரு முளைக்குச்சியை அடித்து நோட்டில் எழுதினாள். இதற்கு மேல் மேடு இல்லை என்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அங்கே வயதான ஆட்டுக்காரர் ஒருவர் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் அத்தை, இதுதானே புறவு என்று கேட்டாள், கேட்கும்போதே குச்சியைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இது மேய்ச்சல்மா. புறவு அதோ" என்று கையை நீட்டினார். நீட்டிய பக்கம் கீழே நம் ஊர் இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் புகைபோக்கிகூடத் தெரிந்தது. "அது டவுன்" என்றாள் அத்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "உங்களுக்கு" என்றார் அவர். அவ்வளவுதான், ஆடுகளை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். விளையாட்டாகச் சொன்ன முகமாக இல்லை.

அத்தைக்குக் கோபம். குச்சியை அடிக்காமல் பையில் திணித்தாள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தேன், அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்க்கிறேன் என்று நடந்தாள். நடுப்பகல், வெயில் இருந்தது, பனி மெதுவாகத்தான் வந்தது, தரையோடு தரையாகப் பாலை ஊற்றிய மாதிரி. காற்று நின்றுவிட்டது. மேலே காற்று நிற்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, காதை யாரோ பொத்தின மாதிரி இருந்தது, டம்ளரில் டீ ஊற்றுகிற சத்தம் ஓடைச் சத்தம் போலக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சற்றுக் கீழே எதிர் மேட்டில் அத்தை நிற்கிறாள். கடுகு நிறக் கோட்டு பளிச்சென்று தெரிந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டி, இப்படியும் அப்படியுமாக மெதுவாக ஆட்டினாள். டீ குடிக்க வாங்க என்று நானும் கையை ஆட்டினேன். அவள் திரும்ப ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், "யாருக்குக் கை ஆட்டுற?" என்று அத்தையின் குரல் கேட்டது.

திரும்பினேன். அவள்தான், அதே கோட்டு, கையில் நோட்டு, மூச்சு வாங்க நின்றிருந்தாள். என்னைத் தாண்டி எதிர் மேட்டைப் பார்த்தாள். அவளும் பார்த்துவிட்டாள். எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. எதிரில் நின்றவள் கையை இறக்கினாள், திரும்பி மேட்டின் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். "வலது முழங்கால இழுக்குது பாரு" என்றாள் அத்தை மெதுவாக, "என் நடை அது." சொல்லிவிட்டு அந்தத் திசையில் அடி எடுத்து வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடு என்றாள். விட மாட்டேன் அண்ணி என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் அவள் கையைப் பிடித்தது அன்றுதான், அதில் அவள் நாடி அடித்தது இன்னும் என் விரலில் இருக்கிறது. இழுத்துக்கொண்டே இறங்கினேன், பிளாஸ்கை அங்கேயே விட்டுவிட்டேன். பஸ்ஸை விட்டு நம் தெருவில் இறங்கியதும், யார்கிட்டயும் சொல்லாத என்றாள். நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் பழைய அவள்தான், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே பழைய அவள். கிண்ணத்து மூடியைத் தூக்கிப் பார்த்து, உப்பு போட்டியா, இல்ல உப்பு டப்பாவக் காட்டிட்டு எடுத்துட்டியா என்று கேட்டாள். விளக்கை அணைக்கவில்லை, செருப்பை நேராக விடவில்லை என்று காலையிலிருந்து அர்ச்சனை. ஆனால் ஜன்னல் பக்கத்து நாற்காலியை மேடு தெரிகிற பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாள். ஒரு தடவை, அவ கை ஆட்டினது 'வா'ன்னா, 'வராதே'ன்னா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அண்ணி என்றேன். நிஜமாகவே எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. நான் வேலைக்குப் போன பிறகு அவள் எட்டு மணி பஸ்ஸில் தனியாக மேலே போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. சாயந்திரம் ஐந்தரைக்கு நான் வீடு திரும்பும்போது வாசல் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், சாவி கையிலேயே இருக்கிறது, பூட்டைத் திறக்கவில்லை. உடம்பில் கோட்டு இல்லை. நான் திறந்து உள்ளே போன பிறகும் படியிலேயே நின்றாள். என்ன அண்ணி என்றேன். "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். அவள் பிறந்த வீடு அது, அவள் அப்பா கட்டினது, நான்தான் வந்தவள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். வாங்க என்றேன். வலது காலை இழுக்காமல் படி ஏறினாள். கோட்டு எங்கே என்று கேட்டேன். "குடுத்துட்டேன். அவளுக்குக் குளிருது" என்றாள், பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்த மாதிரி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் துணி தைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர் மேட்டில் நின்றவள் மேல் அந்தக் கோட்டு ஏற்கெனவே இருந்தது. இவள் கொடுத்ததோ பதினோரு நாள் கழித்து.

மறுவாரம் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்துத் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "அக்கா, ஒங்க நாத்தனாருக்கு ஒடம்பு சரியில்லையா? போன வியாழக்கிழமை மேலேர்ந்து திரும்பும்போது ரெண்டு டிக்கெட் கேட்டாங்க. பக்கத்துல ஆளே இல்ல. நான் கிழிக்கப் போறேன், அப்புறம் வெளிய பாத்துட்டு, வேணாம், ஒண்ணு போதும்னுட்டாங்க" என்றார். வயசாகிறது, மறதி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சர்வேயருக்கு அவள் குறிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் படித்தேன். புறவு: நாம் நிற்காத மேடு, நின்றால் அந்தப் பெயர் நகர்ந்துவிடும், அதனால் எல்லைக்கோடு வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று எழுதியிருந்தாள். கையெழுத்து அதே முத்து முத்தான கையெழுத்துதான். சர்வேயர் சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைத்தார், பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் மேலே போகவே இல்லை, மேஜையில் உட்கார்ந்தே ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார் என்று கேள்வி.

இப்போது வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. அவள் முழங்கால் வலி போய்விட்டது. மடித்த துண்டைப் பிரிப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்கிறாள், முதல் தடவை சொன்னபோது நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அவள் குடித்த டம்ளரை அவளே கழுவி வைக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தால் கால் நீட்ட முக்காலியை இழுத்துப் போடுகிறாள். இந்தாம்மா என்பதைத் தவிர என்னை அவள் வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது என் அப்பா மட்டும் என்னைக் கூப்பிட்டுவந்த செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தப் பெயர் உனக்குக்கூடத் தெரியாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவள் எழுந்து போய் இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

உனக்கு ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமான வருஷம் என் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. கட்டிக்கொடுத்ததோடு தொல்லை விட்டது என்று இருக்கிறார் என நினைத்து நானும் வீம்பாக எழுதவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த உறையில் இருந்தது அவர் எழுதிய கடிதம், என் கல்யாணமான இரண்டாம் மாதத் தேதி போட்டது, பிரித்துப் படித்துத் திரும்ப ஒட்டியிருந்தது. அங்கே உனக்கு ஒத்துவராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிடு என்று எழுதியிருந்தார், செல்லப் பெயரைப் போட்டுத்தான் தொடங்கியிருந்தார். "நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். நீ போயிருவியோன்னு பயந்துட்டேன். என் தம்பி தாங்க மாட்டான்னு சொல்லிக்கிட்டேன், நான்தான் தாங்க மாட்டேன்" என்றாள் அத்தை. முப்பத்தோரு வருஷம் கழித்து. நான் அன்று அழுத அழுகையில் அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், நான் அவளைத் திட்டவும் திட்டினேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நீ நினைப்பது எனக்குத் தெரிகிறது. வயதான காலத்தில் மனசு இளகிவிட்டது, பயந்துபோனதில் ஆள் மாறிவிட்டாள், அவ்வளவுதான் என்பாய். நானும் பகல் முழுக்க அதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவள் மணிக்கட்டில் எப்போதோ இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்பு அப்படியே இருக்கிறது, பார்த்துவிட்டேன். உன் அப்பாவின் சட்டை அளவு கேட்டேன், சரியாகச் சொன்னாள். நீ சின்னப் பிள்ளையில் பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லி உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த எதையாவது அவளிடம் கேட்கச் சொல்லலாமா என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது நினைத்திருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. பதில் தப்பாக இருந்தால் நான் என்ன செய்வேன், சரியாக இருந்தால் மட்டும் என்ன செய்வேன்.

என் பயம் இவளைப் பற்றி இல்லை, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பிடித்திருக்கிறது, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக. அதுதான் என்னை அரிக்கிறது. மேட்டில் பனி இறங்கும்போதெல்லாம் தையல் அறை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். உப்பு டப்பாவைக் காட்டினாயா என்று கேட்கிறவள், துண்டைப் பிரித்து மடிக்கிறவள், கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டு அதைச் சொல்ல வாய் வராமல் இத்தனை வருஷம் என்மேல் எரிந்து விழுந்தவள், அவள் அங்கே புல்லில் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தால்? நல்லவள் கிடைத்துவிட்டாள் என்று மற்றவளை அப்படியே விட்டுவிடுகிற பெண்ணா உன் அம்மா? அவள் என்னிடம் நல்லவிதமாக நடந்துகொண்டதில்லை, உண்மைதான். ஆனால் உன் அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் பார்க்காதபோது என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் காலில் மாட்டிவிட்டவளும் அவள்தான்.

அதனால் முடிவு செய்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை விடுப்புப் போட்டிருக்கிறேன், அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்துவிடும். காலை பஸ்ஸில் மேலே போகப்போகிறேன். இவளிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. நேற்றுக் காலை அவள் என் பையில் ஒரு கம்பளிச் சால்வையை இப்போதே எடுத்துவைத்துக்கொண்டே, "வழி மறந்துட்டா யாரையும் கேக்காத, அவங்க காட்டுற பக்கம் போகாத" என்றாள். நீங்களும் வாங்களேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். மேலே ஒருவரும் இல்லை என்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிவிடுவேன், இந்தப் பேச்சை இந்த ஜென்மத்தில் எடுக்க மாட்டேன். யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வருவேன். வரும்போது இரண்டு டிக்கெட் எடுப்பேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, சண்டை போட்டால் போட்டுக்கொள்ளட்டும். இடம் இருக்கிறது, உன் அறையை ஒழித்துப் படுக்கை விரித்துவைத்துவிட்டேன், நீ வரும்போது என்னோடு படுத்துக்கொள்.

உன் அட்டையில் உயரமான திறந்தவெளி நிலம் என்று மட்டும் எழுது. மற்றதை நீ வைத்துக்கொள், அச்சில் போட வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு, பல் டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது, உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி எப்போதும் மனுஷர்கள் இருக்க வேண்டும், அதுதான் இன்றைக்கு நான் கேட்கிற வரம். சனிக்கிழமை சாயந்திரம் மறக்காமல் ஃபோன் செய். எடுக்கிற குரல் எரிந்து விழுந்தாலும் சரி, சிரித்துப் பேசினாலும் சரி, அத்தை என்றே கூப்பிடு.

உனக்காக என்றும் வேண்டிக்கொள்ளும்,
அம்மா